அட்வான்ஸ் நோட்டை எடுத்துப் பாருங்க

கேள்வி: கோவை கணபதியில சின்னதா லேத் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். ஆளுங்க 12 பேர், ஆனா இ.எஸ்.ஐ (முதலாளியும் ஆளும் மாசாமாசம் பங்கு கட்டுற அரசாங்க தொழிலாளர் காப்பீடு) வந்துடக் கூடாதுன்னு ரிஜிஸ்டர்ல 9 பேர்தான் காட்டுறோம். ஜாப் ஒர்க்ல மார்ஜினே இல்லைங்க, இதுல அவங்க ஆஸ்பத்திரி செலவையும் நான் ஏன் பார்க்கணும்? அதான் முதலமைச்சர் காப்பீடு இருக்கே?
- பேர் வேண்டாம், கோவை

பதில்: நீங்க ஏற்கெனவே பார்த்துட்டுதாங்க இருக்கீங்க. அட்வான்ஸ் நோட்டை எடுத்துப் பாருங்க, சம்சாரத்துக்கு ஆபரேஷன், பையனுக்கு டெங்கு, அப்பாவுக்கு ஹார்ட்டுன்னு வாங்கினதுதான் பாதிக்கு மேல இருக்கும், வாரா வாரம் கழிச்சா வீட்டுக்கு கொண்டுபோக ஒண்ணும் மிஞ்சாதுன்னு ஒருநாள் அந்த ஆளு போனை ஆஃப் பண்ணிட்டு வேற கம்பெனிக்குப் போயிருப்பாரு. பணமும் போச்சு, கை பழகின டர்னரும் போயாச்சு.

இப்ப கணக்குக்கு வருவோம். 18,000 சம்பளம்னா உங்க பங்கு 3.25%, அதாவது 585 ரூபா. ஆள் பங்கு 0.75%, 135 ரூபா. 12 பேரும் இதே சம்பளம்னு வச்சுக்கிட்டாலும் உங்களுக்கு மாசம் 7,020தான். 2019 ஜூலைக்கு முன்னாடி முதலாளி பங்கு 4.75% இருந்துச்சு, அன்னைக்கு பயந்தவங்க நிறைய பேர் குறைஞ்சதே தெரியாம இன்னும் பயந்துட்டு இருக்காங்க.

முதலமைச்சர் காப்பீடு நல்ல திட்டம்தான், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு. ஆனா குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1.2 லட்சத்துக்குள்ள இருக்கணும். மாசம் 18,000ன்னா வருஷம் 2.16 லட்சம், எங்க சேர்ப்பாங்க? அப்படியே கார்டு இருந்தாலும் அது ஆஸ்பத்திரி பில்லுக்குத்தான், படுத்த நாளுக்கு சம்பளம் தராது. இ.எஸ்.ஐ-ல உடம்பு சரியில்லாம லீவு போட்டா 70% சம்பளம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் உண்டு (கொஞ்ச மாசம் காசு கட்டியிருக்கணும்), குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ ஆஸ்பத்திரியில கூட்டம் இருக்கும், டோக்கனுக்கு நிக்கணும், அதை நான் மறைக்கலை. ஆனா ஆபரேஷன்னு வந்தா அந்த க்யூவே மேல்.

நீங்க நிஜமாவே யோசிக்க வேண்டியது மெஷினைப் பத்தி. லேத்ல ஒரு விரல் போச்சுன்னா, இ.எஸ்.ஐ இருந்தா ரெஸ்ட்ல இருக்கிற நாளுக்கு சம்பளத்துல 90% அளவுல அவங்க தருவாங்க, நிரந்தர ஊனம்னா பென்ஷனும் அவங்க பொறுப்பு. இல்லைன்னா நஷ்டஈடு முழுக்க உங்க தலையில. 30 வயசு ஆளு இறந்துபோனா, சம்பளம் 15,000ன்னு வச்சு கணக்கு போட்டாலே 15 லட்சத்தைத் தாண்டும். அடிபட்ட ஆளு ரிஜிஸ்டர்ல இல்லாத அந்த 3 பேர்ல ஒருத்தரா இருந்தா இன்னும் சிக்கல். 10 பேர் ஆனாலே சட்டப்படி கட்டாயம், உங்க ஆடிட்டருக்கும் இது தெரியும். 135 ரூபா பிடிக்கிறதுக்கு ஆளுங்க முணுமுணுப்பாங்க, மொத பிரசவத்துக்கு கார்டு உதவினா அடங்கிடுவாங்க.

கேள்வி: திருச்சியில மொபைல் கடை, ஸ்டாஃப் 7 பேர். ரெண்டு பேருக்கு சம்பளம் 21,000க்கு மேல. அவங்க வைத்தியச் செலவுக்கு நான் என்ன பண்றது?
- வாசகி, தில்லைநகர்

பதில்: 10 பேருக்குக் கீழன்னா கட்டாயம் இல்லைங்க, மாசம் 21,000 தாண்டினவங்க எப்படியும் இ.எஸ்.ஐ-ல வரமாட்டாங்க. அதனால எல்லாரையும் சேர்த்து குரூப் மெடிக்ளெய்ம் (ஸ்டாஃப் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மருத்துவ இன்ஷூரன்ஸ்) கேளுங்க. 7 பேருக்கு தர்ற கம்பெனிகள் இருக்கு, பிரீமியம் வயசைப் பொறுத்து மாறும். விலையை மட்டும் பார்க்காம, ஏற்கெனவே இருக்கிற சுகருக்கும் பிரஷருக்கும் மொத நாள்லயிருந்தே கவர் உண்டா, பிரசவம் உண்டா, ரூம் வாடகைக்கு லிமிட் எவ்வளவுன்னு எழுத்துல வாங்குங்க. பிரீமியத்தை முழுசா சம்பளத்துல பிடிச்சிடாதீங்க, அப்புறம் அது நீங்க குடுத்ததா யாருக்கும் தோணாது. கார்டை உங்க டிராயர்ல பூட்டாம அவங்கவங்க போன்ல ஏத்திக் குடுங்க, ராத்திரி ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி கவுன்டர்ல அதைத்தான் கேப்பாங்க.