இறக்கைல பனி இருந்தா லேட்டாகட்டும்

கேள்வி: டொரண்டோல பிளேன்ல ஏறி உக்காந்த பிறகு டீ-ஐசிங்னு (இறக்கைல ஒட்டின பனியை திரவம் அடிச்சு எடுக்கறது) ஒரு மணி நேரம் நிறுத்திட்டாங்க, எல்லாரும் கத்துறாங்க, எனக்கும் கோபம்தான். இவ்ளோ அவசியமாங்க இது?

பதில்: அவசியம்தாங்க, சந்தேகமே வேண்டாம். இறக்கைல உப்புத்தாள் மாதிரி லேசா பனி ஒட்டினாகூட காத்து ஒழுங்கா ஓடாது, தூக்குற சக்தி குறைஞ்சிடும். உங்க கனடாலயே 1989 மார்ச் 10, டிரைடன்ங்கற ஊர்ல ஏர் ஒண்டாரியோ கம்பெனியோட ஃபோக்கர் எஃப்-28 பிளேன், ஏற்கனவே லேட்டு, கனெக்டிங் ஃபிளைட் போயிடுமேன்னு பயணிங்க டென்ஷன், பனி கொட்டுது, துணை இன்ஜின் ரிப்பேர்ங்கறதால மெயின் இன்ஜினை ஆஃப் பண்ணா மறுபடி ஸ்டார்ட் பண்ண அங்க வசதியில்ல, அந்த பிளேனுக்கு இன்ஜின் ஓடும்போது டீ-ஐசிங்கும் பண்ணக்கூடாதுன்னு அப்போ விதி, அதனால அப்படியே கிளம்பிட்டாங்க. கொஞ்ச நேரத்துல காட்டுல விழுந்துச்சு, 69 பேர்ல 24 பேர் இறந்துட்டாங்க. இறக்கைல பனி இருந்ததை உள்ள இருந்தவங்களே ஜன்னல் வழியா பாத்திருக்காங்க, அதான் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. அடுத்த தடவை கத்தாதீங்க, ஜன்னல் வழியா பாருங்க, பனி தெரிஞ்சா தயங்காம பணிப்பெண்கிட்ட சொல்லுங்க.