2007 வாஷிங்டன் ஒரு டாலர் நாணயத்தின் விளிம்பில் எழுத்து தலைகீழாக இருக்கிறது. ஈபேயில் 5000 டாலர் என்று போட்டிருக்கிறார்கள். இது அரிய பிழை நாணயமா?

இல்லை. அது ஒரு டாலர்தான் பெறும். வாட்ஸ்அப்பில் சொந்தபந்தம் எல்லாருக்கும் இதையே சொல்லி அலுத்துவிட்டது, இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

அமெரிக்க அதிபர்களின் படம் போட்ட இந்த அதிபர் வரிசை டாலர்கள் 2007-ல் வந்தபோது ஆண்டு, எந்த நாணயச்சாலை என்ற குறி, 'கடவுளை நம்புகிறோம்' வாசகம் எல்லாமே விளிம்பில்தான் இருந்தன. இரண்டு பக்கமும் அடித்து முடித்த பிறகு காசுகளை இன்னொரு இயந்திரத்தில் கொட்டி விளிம்பு எழுத்தைப் பதித்தார்கள். அதற்குள் காசு தலை மேலாகப் போகிறதா, பின்பக்கம் மேலாகப் போகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி தலைகீழாகத்தான் இருக்கும். வாஷிங்டன் காசு மட்டுமே 34 கோடி அடித்திருக்கிறார்கள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான பிழை, அந்த இரண்டாவது இயந்திரத்துக்குப் போகாமலேயே வெளியே வந்த காசு. விளிம்பு வழவழவென்று இருக்கும், ஒரு எழுத்தும் இருக்காது. கடவுள் வாசகமும் இல்லாமல் போனதால் பத்திரிகைகள் 'கடவுளற்ற டாலர்' என்று எழுதின. முதல் சில நாட்களில் நூற்றுக்கணக்கான டாலருக்குப் போனது. அப்புறம் ஆயிரக்கணக்கில் கிளம்பி வரவும் விலை சடசடவென்று இறங்கிவிட்டது. (2009-லிருந்து அந்த வாசகத்தை முகப்புக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.)

இந்த வழவழ விளிம்புக் காசு ஒன்றை என் மனைவியின் அண்ணன் ஆன்லைனில் நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டு தேங்க்ஸ்கிவிங்குக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவராகத்தான் 'பாருங்க மாப்பிள்ளை' என்று நீட்டினார், நானாகக் கேட்கவில்லை. இந்த வகை டாலர் காசின் சரியான எடை 8.1 கிராம், விட்டம் 26.5 மில்லிமீட்டர். அவருடையது தராசில் 7.9 காட்டியது, காலிப்பரில் 26.2. எழுத்து விளிம்புக்குள் குழிந்து பதிந்திருக்கும், அதை அழிக்க வேண்டுமென்றால் சுற்றிலும் உலோகத்தை அராவித்தான் ஆக வேண்டும், காசு சிறுத்துப்போகும். எடை கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது சாதாரணம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓரிடத்தில் எழுத்தின் அடிப்பகுதி மிச்சம் நிற்கிறது, இரண்டு பக்கமும் அரத்தின் கோடுகள். 'உங்க தராசு சரியில்லை மாப்பிள்ளை' என்றார். டிராயரில் கிடந்த சாதாரண வாஷிங்டனை எடுத்து வைத்தேன், 8.1. உடனே என் மனைவியைப் பார்த்து 'இவருக்கு வயித்தெரிச்சல்' என்கிறார்!

நான் நிபுணன் என்று சொல்லவில்லை. தரச்சான்று கொடுக்கும் கம்பெனியிலும் வேலை பார்க்கவில்லை. 'நீ யார் சொல்ல' என்று கமெண்டில் வருகிறவர்கள் ஒரு காலிப்பர் வாங்கி அளந்துவிட்டு வரட்டும்.

சரி, விலை எப்படிப் பார்ப்பது? ஈபேயில் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டால் உங்கள் 5000 எங்கே போகிறது என்று தெரியும். பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி இடங்களுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கவும் காசு, தபாலுக்கும் காசு. சாதாரண டாலருக்கு அதைச் செய்தால் கைக்காசுதான் போகும். பெரிய விலைக்குப் போகும் பிழைகள் இல்லாமல் இல்லை. 2000-ல் ஒரு பக்கம் கால் டாலரின் வாஷிங்டன் தலை, மறுபக்கம் சகாகவியா டாலரின் (சகாகவியா என்ற பழங்குடிப் பெண்ணின் படம் போட்ட ஒரு டாலர் காசு) கழுகு என்று அச்சு மாறி விழுந்த காசுகள் லட்சம் டாலரைத் தாண்டி விற்றிருக்கின்றன. ஆனால் உலகத்தில் இருப்பதே சுமார் இருபதுதான்.

முக்கியமாக, தேய்க்காதீர்கள். இந்த ஒரு டாலர் காசுகளின் மேற்பூச்சு மாங்கனீஸ் பித்தளை, கைபட்டால் கறுக்கும். என் மாமியார் என்னுடைய சகாகவியா ஒன்றைப் பாவம் பார்த்துப் புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார், நல்ல எண்ணம்தான். தேய்த்த காசு என்று தெரிந்தால் தரச்சான்றில் தரத்தைக் காட்டும் எண் தரமாட்டார்கள்.

செலவழித்துவிடலாம் என்றாலும் இந்த ஊரில் லேசில்லை. யாரும் புழங்காமல் 140 கோடி காசு தேங்கிப்போய், அரசாங்கமே 2011 கடைசியில் புழக்கத்துக்கு அடிப்பதை நிறுத்திவிட்டது. போன மாதம் ஒரு மளிகைக் கடையில் கொத்தமல்லிக்கும் பச்சைமிளகாய்க்கும் நான்கு டாலர் காசு நீட்டினேன். கல்லாவில் இருந்த பையன் விளையாட்டு மெஷின் டோக்கன் என்று நினைத்து மேனேஜரைக் கூப்பிட்டான். அவர் வந்து திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 'கார்டு இல்லையா அங்கிள்?' என்கிறார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னை ஏதோ கள்ளநோட்டுக்காரனைப் போலப் பார்த்தார்கள். இந்த நாட்டு அரசாங்கம் அடித்த காசு ஐயா அது! நீங்களும் பேசாமல் வங்கியில் போய்க் கொடுத்துவிடுங்கள், அங்கே ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள்.