லூப்புக்குள் லூப் – கடிதம்

அன்புள்ள சார்,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். படித்தது மெக்கானிக்கல். ஒரு கோர்ஸில் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு இந்தத் துறைக்குள் வந்தவன். நான்கு வருடமாகக் கொடுத்த வேலையை முடித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன மாதம் நான் எழுதிய ரிப்போர்ட் பக்கம் ஒன்று லைவில் திறக்கவே இல்லை. டெஸ்டிங்கில் நன்றாகத்தான் ஓடியது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் வந்து பார்த்து, ஒரு லிஸ்ட்டை செட்டாக மாற்றினார். ஒரே வரி. சில நொடிகளில் பக்கம் வந்துவிட்டது. டீம் லீட் எல்லோர் முன்னாலும் "அடிப்படை தெரியாம கோட் எழுதினா இப்படித்தான்" என்றார்.

டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் எல்லாம் இன்டர்வியூவுக்குத்தானே சார்? வேலையில் யார் பைனரி ட்ரீ எழுதுகிறார்கள்? எல்லாவற்றுக்கும் லைப்ரரி இருக்கிறது, இப்போது ஏஐயே எழுதித் தருகிறது. இனிமேல் போய் இதையெல்லாம் படிக்கத்தான் வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் டீம் லீட் அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன விஷயத்தில் எனக்கு அவரோடு சண்டை இல்லை.

அந்த ஒரு வரியில் என்ன நடந்தது என்று அப்புறமாவது பார்த்தீர்களா? கடிதத்தில் இல்லை, அதனால் ஊகித்துச் சொல்கிறேன். ஒரு பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் இன்னொரு பட்டியலில் இருக்கிறாரா என்று லூப்புக்குள் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) 'இன்' போட்டுப் பார்த்திருப்பீர்கள். எழுதும்போது அது ஒரே ஒரு வேலை மாதிரிதான் தெரியும். ஆனால் எதிரே இருப்பது லிஸ்ட் என்றால் பைத்தான் முதல் ஆளிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போகும், அதாவது உங்கள் லூப்புக்குள் நீங்கள் எழுதாத இன்னொரு லூப் ஓடுகிறது. டெஸ்டிங்கில் இந்தப் பக்கம் 200 பேர் அந்தப் பக்கம் 200 பேர் என்றால் அதிகபட்சம் 40,000 ஒப்பீடு, கம்ப்யூட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. லைவில் ஐம்பதாயிரம் பேர் ஐம்பதாயிரம் பேர் என்றால் 250 கோடி வரை போகும். செட் அப்படித் தேடுவதில்லை. மதிப்பை வைத்து அது எந்த இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டு நேராக அங்கே போய்ப் பார்க்கிறது, மொத்தம் எத்தனை பேர் என்பது கிட்டத்தட்ட அதற்குக் கவலையே இல்லை. அந்தப் பெண் செய்தது இவ்வளவுதான்.

இது பெரிய இடங்களிலும் நடக்கிறது. ஜிடிஏ ஆன்லைன் என்ற விளையாட்டு திறக்க நிமிடக் கணக்கில் ஆகும், ஆடுபவர்கள் வருடக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். 2021-இல் வெளியாள் ஒருவர், மூல நிரல் கையில் இல்லாமலேயே, ஓடுகிற புரோகிராமைப் பிரித்துப் பார்த்தார். கடையில் விற்கும் பொருட்களின் விவரம் 10 எம்பி அளவுள்ள ஒரு ஜேசான் கோப்பாக (வெறும் எழுத்து வடிவத் தரவுக் கோப்பு) வந்தது, சுமார் 63,000 பொருட்கள். ஒவ்வொரு பொருளைச் சேர்க்கும்போதும் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பட்டியலை முதலிலிருந்து தேடியிருக்கிறார்கள். மொத்தம் 198 கோடி ஒப்பீடுகள். போதாததற்கு, கோப்பிலிருந்து ஒவ்வொரு துண்டை எடுக்கும்போதும் மிச்சமிருக்கும் மொத்தக் கோப்பின் நீளத்தையும் புதிதாக அளந்திருக்கிறார்கள். இரண்டையும் சரிசெய்ததும் அவருடைய கணினியில் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் ஒத்துக்கொண்டு திருத்தம் வெளியிட்டது, அவருக்குப் பத்தாயிரம் டாலரும் கொடுத்தது. உங்கள் ரிப்போர்ட் பக்கத்தில் இருந்ததும் ஏறத்தாழ இதே சிக்கல்தான் என்று நினைக்கிறேன்.

சரி, பைனரி ட்ரீ, அதாவது ஒவ்வொரு கணுவும் அதிகபட்சம் இரண்டாகக் கிளைக்கும்படி தரவை அடுக்கும் முறை. அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மேக் கணினி வைத்திருக்கும் புரோகிராமர்கள் மென்பொருள்களை நிறுவப் பெரும்பாலும் பயன்படுத்தும் ஹோம்ப்ரூவை உருவாக்கிய மேக்ஸ் ஹோவெல், இன்டர்வியூவில் பலகையில் பைனரி ட்ரீயைத் திருப்பிப் போடத் தெரியாததால் கூகுள் தன்னை நிராகரித்துவிட்டது என்று 2015-இல் எழுதியதைப் பலரும் படித்திருப்பார்கள். பார்க்காமல் எழுதிக்காட்டும் பரீட்சையை அடிப்படை என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் அதிலேயே சிக்கலான வகையான ரெட்-பிளாக் ட்ரீயை இப்போது எழுதச் சொன்னால் புத்தகத்தைத்தான் எடுப்பேன். நான் கேட்பது வேறு. நீங்கள் எழுதும் ஒரு வரிக்குக் கீழே மெஷின் என்ன செய்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா?

நம் மொழியிலேயே சோதித்துப் பாருங்கள். 'தமிழ்' என்று எழுதி பைத்தானில் நீளம் கேளுங்கள். மூன்று வராது, ஐந்து வரும். த, ம, இகரக் குறி (ி), ழ, புள்ளி என்று யூனிகோடு அதை ஐந்து குறிகளாக வைத்திருக்கிறது. அந்தக் குறிகளைக் கணினியில் சேமிக்கும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று என்று 15 பைட். அதைத் திருப்பிப் போட்டால் புள்ளி எழுத்தே இல்லாமல் முன்னால் நிற்கும், மகரத்தின் இகரக் குறி ழகரத்துக்குப் போய்விடும். இது தெரியாதவர் பெயர்க் கட்டத்துக்கு 20 பைட் என்று அளவு வைப்பார், அப்புறம் தமிழ்ப் பெயர்கள் பாதியில் அறுந்து நிற்பதற்கு ஃபான்டைக் குறைசொல்வார். ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் ஒரு எஸ்எம்எஸ்ஸில் தமிழில் 70 குறிதான் போகும் என்பதும் இதே வகைச் சமாச்சாரம்தான்.

காசு விஷயம் இன்னும் மோசம். வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டை 1000 என்று தொடங்கியது. ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்றாம் தசம இடத்துக்குப் பின்னால் இருப்பதை முழுமையாக்காமல் வெட்டி எறிந்தார்கள், அதையே ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. 1983 நவம்பரில் குறியீடு 524-ஐ ஒட்டி நின்றது. சரியாகக் கணக்கிட்டபோது வந்தது 1098. சந்தை ஏறியிருக்கிறது, குறியீடு பாதியாகியிருக்கிறது! தசமங்களைப் பெரும்பாலும் ஏறத்தாழ மட்டுமே வைத்துக்கொள்ளும் ஃப்ளோட் என்ற எண் வகையில் ரூபாயைச் சேமித்து வைத்திருக்கிறீர்களா என்று உங்கள் கோட்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஏஐ எழுதித் தருவதைப் பற்றி. தரட்டும், நானும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உங்கள் டேபிளில் ஐம்பதாயிரம் வரி இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னது? நீங்கள் சொல்லாவிட்டால் பத்து வரி டேட்டாவுக்குச் சரியாக ஓடும் கோட்டை அது கூசாமல் தரும், டெஸ்டிங்கிலும் பாஸ் ஆகும். எண்ணிக்கை முக்கியம் என்று தெரிந்தவர்தான் எண்ணிக்கையைச் சொல்லிக் கேட்பார். முன்பு நாமே எழுதிய காலத்தில், எழுதுகிற சிரமத்திலேயே கொஞ்சம் யோசித்தோம். இப்போது நானூறு வரி கோட் ஒரே மூச்சில் வந்து விழுகிறது, அதைப் படித்து எந்த வரி பின்னால் கழுத்தறுக்கும் என்று பிடிக்க வேண்டிய வேலை நம் தலையில்.

கல்லூரிப் பாடத்திட்டத்தை முதலிலிருந்து எடுத்துவைத்து உட்காராதீர்கள், இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுவீர்கள். லிஸ்ட், ஹாஷ் (செட் இடத்தைக் கணக்குப் போடும் முறை), டேட்டாபேஸ் இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை), எண்களும் எழுத்துகளும் நினைவகத்தில் எப்படி உட்காருகின்றன, நெட்வொர்க்கில் ஒருமுறை போய்வர என்ன செலவாகும் – இதற்குள் உங்கள் அன்றாட வேலையின் பெரும்பகுதி அடங்கிவிடும். அந்த ரிப்போர்ட் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். பழைய கோட்டை எடுத்து அதற்கு டேட்டாவாக 1,000 வரி, 10,000 வரி, ஒரு லட்சம் வரி கொடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; பொறுமை இருந்தால் டேட்டாபேஸில் அந்தக் க்வெரிக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெய்ன்' போட்டு முழு டேபிளையும் படிக்கிறதா என்றும் பாருங்கள். வரி பத்து மடங்கானால் நேரமும் பத்து மடங்காவது இயல்பு. நேரம் நூறு மடங்கானால் எங்கேயோ இன்னொரு லூப் ஒளிந்திருக்கிறது. எங்கே என்று கண்டுபிடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அந்தப் பெண்ணிடம் கேட்காமல்.