போர்க்காலத்தில் ஒரு தேர்தல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2004 அமெரிக்கத் தேர்தல் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஈராக் போருக்கு நடுவே நடந்த அந்தத் தேர்தலில் லிபரல்கள் தோல்வியைத் தாங்களே தேடிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர்ப்பிள்ளைகள் களத்தில் நிற்கும்போது போரைக் குறை சொன்னால் எந்த நாட்டு வாக்காளருக்கும் பிடிக்காது. அவர்கள் போரை எதிர்த்தார்கள், அதனால் தோற்றார்கள். தேர்தல் முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை ஜெயித்திருப்பார்கள். கொள்கை பேசும் எழுத்தாளர்களுக்கு ஓட்டுக் கணக்கு தெரியாது என்று சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

கோபமெல்லாம் இல்லை. ஓட்டுக் கணக்கை வைத்தே பேசுவோம், எனக்கும் அதுதான் வசதி.

“அவர்கள் போரை எதிர்த்தார்கள்” என்கிறீர்கள். யார் எதிர்த்தது? ஈராக் மீது படையெடுக்க, குடியரசுக் கட்சி அதிபர் புஷ்ஷுக்கு அதிகாரம் தரும் தீர்மானம் 2002 அக்டோபர் 11 அன்று, நள்ளிரவு தாண்டி, செனட் என்ற மேலவையில் 77க்கு 23 என்று நிறைவேறியது. அப்போது செனட், நீங்கள் சொல்லும் லிபரல்களின் கட்சியான ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. அக்கட்சியின் செனட்டர்களில் 29 பேர் ஆதரித்தார்கள், 21 பேர் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்களில் ஜான் கெர்ரியும் ஜான் எட்வர்ட்ஸும் உண்டு. 2004இல் அதிபர், துணை அதிபர் வேட்பாளர்களாக நின்று புஷ்ஷிடம் தோற்ற அதே இருவர்.

இந்த இடத்தில் கெர்ரியைக் கொஞ்சம் பின்தொடர வேண்டும். வியட்நாமில் போரிட்டுப் பதக்கங்களோடு திரும்பியவர். 1971இல், 27 வயதில், செனட் வெளியுறவுக் குழுவின் முன் உட்கார்ந்து, ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி ஆளாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று கேட்டவர். 1991 ஜனவரியில் வளைகுடாப் போருக்கு எதிராக வாக்களித்தார். அந்தப் போரோ ஆறே வாரத்தில் வெற்றியில் முடிந்தது. எதிர்த்தவர்களுக்குக் கோழைப் பட்டம் கிடைத்தது. சூடுபட்ட பூனைகள் அடுத்த முறை அடுப்படிப் பக்கமே போகவில்லை.

வளைகுடாப் போரை நடத்திய அப்பா புஷ்ஷுக்கும் ஈராக் போரை நடத்திய மகன் புஷ்ஷுக்கும் ஒரு வேறுபாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? 1990 நவம்பரில், அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவே வரும் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. ஈராக் பிடித்துக்கொண்ட குவைத்தை மீட்கும் போருக்கான நாடாளுமன்ற வாக்கெடுப்பு அது முடிந்த பிறகு, மறு ஜனவரியில்தான் நடந்தது. செனட்டில் 52க்கு 47. உறுப்பினர்கள் உண்மையிலேயே அடித்துக்கொண்டு விவாதித்தார்கள். மகன் காலத்தில் வாக்கெடுப்பு, 2002 நவம்பர் 5 இடைக்காலத் தேர்தலுக்கு நான்கு வாரமும் இல்லாத நேரத்தில் வைக்கப்பட்டது. புதுச் சரக்கை ஆகஸ்டில் சந்தைக்குக் கொண்டுவர மாட்டார்கள் என்று வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலர் ஆண்ட்ரூ கார்ட் அந்தச் செப்டம்பரில் வெளிப்படையாகவே சொன்னார். போரைச் சரக்கு என்று சொல்லிவிட்டோமே என்ற கூச்சம்கூட இல்லை. செனட் உளவுக் குழுத் தலைவர் பாப் கிரஹாம், போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றிய உளவுத்துறையின் ரகசிய மதிப்பீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார், எதிர்த்து வாக்களித்தார். முழுதாகப் படித்த செனட்டர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் படித்தது காலண்டரை.

சரி, தேர்தலுக்குப் பயந்து ஆதரித்தது பலன் தந்ததா? ஜார்ஜியாவில் மாக்ஸ் கிளேலண்ட், வியட்நாமில் இரு கால்களையும் வலது கையையும் இழந்தவர், தீர்மானத்தை ஆதரித்தார். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை மசோதாவில் அவர் போட்ட வேறு சில வாக்குகளைச் சாக்காக வைத்து, பின்லேடன், சதாம் படங்களோடு அவருக்கு எதிராக விளம்பரம் ஓடியது. தோற்றார். மிசௌரியில் ஜீன் கார்னஹனும் ஆதரித்தார், தோற்றார். எதிர்த்த கையோடு தேர்தலைச் சந்தித்த டர்பின், லெவின், ரீட் மூவரும் ஜெயித்தார்கள். எதிர்த்த இன்னொருவர், மினசோட்டாவின் பால் வெல்ஸ்டோன், தேர்தலுக்கு 11 நாள் முன்னால் விமான விபத்தில் இறந்தார். அந்த மூவரின் மாநிலங்களான இல்லினாயும் மிச்சிகனும் ரோட் ஐலண்டும் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான மண், ஜார்ஜியா அப்படியல்ல என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆதரித்து ஜெயித்தவர்களும் நிறைய. ஆனால் ஆதரவு ஒரு கவசம் என்ற நம்பிக்கை அன்றே பொய்த்துவிட்டது.

2004க்கு வருவோம். நீங்கள் சொன்ன வழியில்தானே கெர்ரி நடந்தார்? பேரழிவு ஆயுதம் இல்லை என்று முன்பே தெரிந்திருந்தாலும் அதிபருக்கு அந்த அதிகாரத்தைத் தந்திருப்பேன் என்று ஆகஸ்டில் சொன்னார். போருக்கான 8,700 கோடி டாலர் ஒதுக்கீட்டைப் பற்றிக் கேட்டபோது, எதிர்த்து வாக்களிக்கும் முன் ஆதரித்து வாக்களித்தேன் என்றார். பணக்காரர்களின் வரிச்சலுகையைக் குறைத்து அந்தப் பணத்தைத் திரட்டும் திருத்தத்தைத்தான் ஆதரித்திருந்தார், நியாயமான நிலைப்பாடு. அதை விளக்க ஐந்து நிமிடம் வேண்டும், எதிரணி விளம்பரத்துக்கு அந்த ஒற்றை வாக்கியம் போதும். ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் ஏப்ரல் கடைசியில் வெளிவந்த ஆண்டு அது. ஆயுதம் எதுவும் இருக்கவில்லை என்று, ஈராக்கில் ஆயுதம் தேடிய அமெரிக்கக் குழுவின் டியூல்ஃபர் அறிக்கை அக்டோபரில் சொன்ன ஆண்டு. “இந்தப் போரை ஏன் தொடங்கினீர்கள்” என்று நிமிர்ந்து கேட்க வேண்டியவர், தானும் கையொப்பம் போட்டவராக இருந்தார். 1971இல் கேட்ட கேள்வியை அவரால் திரும்பக் கேட்கவே முடியவில்லை.

லிபரல் எழுத்தாளர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. நியூ ரிபப்ளிக் போன்ற லிபரல் பத்திரிகையே போரை ஆதரித்தது. நியூயார்க் டைம்ஸ் தன் ஆயுதச் செய்திகளில் போதிய கண்டிப்பு இல்லை என்று 2004 மே மாதம் ஒத்துக்கொண்டது. போர் கசந்த பிறகு பலர் கண்ட சுலப வழி, புஷ்ஷின் நாக்குத் தடுமாற்றத்தைக் கிண்டல் செய்வது. படிக்கச் சுவைதான். ஆனால் அதிபர் மடையர் என்று நூறு பத்தி எழுதியவர்கள், அந்த மடையரிடம் 29 புத்திசாலிகள் எப்படி ஏமாந்தார்கள் என்று எழுதக் காணோம்.

நீங்கள் கேட்ட ஓட்டுக் கணக்குக்கு விஸ்கான்சின் போதும். அங்கே ஜனநாயகக் கட்சியின் செனட்டர் ரஸ் ஃபைன்கோல்ட். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அரசின் கண்காணிப்பு அதிகாரத்தைக் கூட்டிய தேசபக்திச் சட்டத்தை அந்த ஆண்டே செனட்டில் தன்னந்தனியாக எதிர்த்தவர், 98க்கு 1. ஈராக் தீர்மானத்தையும் எதிர்த்தார். 2004 நவம்பர் 2 அன்று, ஒரே வாக்குச்சீட்டில், கெர்ரி அந்த மாநிலத்தைச் சுமார் 11,000 வாக்குகளில் தட்டுத்தடுமாறிப் பிடித்தார். ஃபைன்கோல்ட் 55 சதவீதம் வாங்கினார், கெர்ரியைவிட ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள். அவர் பதவியில் இருந்தவர், மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்களைச் சந்தித்தவர், எதிராளியும் பெரிய ஆள் இல்லை. எல்லாப் புகழும் போர் எதிர்ப்புக்கே என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் புஷ்ஷுக்கு முத்திரை குத்திய கையாலேயே ஃபைன்கோல்டுக்கும் குத்தியவர்கள் அந்த மாநிலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். போரைக் குறை சொன்னவரை வாக்காளர் மன்னிப்பதில்லை என்ற உங்கள் விதியில் அவர்களுக்கு இடமே இல்லை.