துரைக்குப் போகாத மின்னஞ்சல்

கேள்வி: ஐயா, தலவாக்கலைப் பக்கம் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலையின் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எங்கள் தேயிலையை ஏலத்தில் விற்றுத் தரும் தரகர் கம்பனி அனுப்பும் மதிப்பீட்டு அறிக்கை, விற்பனைக் கணக்கு எல்லாம் ஆபீஸ் அவுட்லுக்குக்கு வருகின்றன. தரகரின் கடிதங்கள் ‘ஏலம்’ என்ற கோப்புறைக்குப் போக ஒரு விதி போட்டேன். தலைப்பில் ‘வேல்யுவேஷன்’ என்று இருந்தால் துரையின் (மனேஜரின்) ஜீமெயிலுக்குப் பிரதி போக இரண்டாவது விதி. விளம்பரங்களை அழிக்க மூன்றாவது. கோப்புறை நிரம்புகிறது, துரைக்கு ஒன்றும் போவதில்லை. அவர் என்னைத்தான் ஏசுகிறார். என் சொந்த ஜீமெயிலிலும் இதேபோல் விதிகள் போட்டுப் பார்த்தேன். அங்கே மேலே கீழே நகர்த்தும் அம்புக்குறியே இல்லை. எங்கே பிழை?
வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, துரையின் கோபம் நியாயமானதுதான். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது இணையத்துக்கு மாறியது. இப்போது எல்லாம் திரையில் நடக்கிறது. மதிப்பீடு ஏலத்துக்கு முன்பு கைக்கு வராவிட்டால், எந்த லொட்டை, அதாவது ஏலத்துக்கு வரும் தேயிலைத் தொகுதியை, என்ன விலைக்குக் கீழே விடக்கூடாது என்று அவர் எதை வைத்துச் சொல்வார்?

அவுட்லுக் விதிகளை மேலிருந்து கீழாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும். உங்கள் முதல் விதியைத் திறந்து பாருங்கள். அடியில் ‘ஸ்டொப் புரொசெஸிங் மோர் ரூல்ஸ்’ என்று ஒரு சிறிய பெட்டி இருக்கும். இணைய வழி அவுட்லுக்கில் புதிய விதி எழுதும்போது அதில் நாம் தொடாமலே சரி அடையாளம் விழுந்திருக்கும். அதன் பொருள், இந்த விதி பொருந்திவிட்டால் கீழே உள்ள எதையும் பார்க்காதே என்பது. தரகரின் கடிதம் வந்தது, முதல் விதி அதைக் கோப்புறையில் போட்டது, அத்தோடு கதை முடிந்தது. கொழுந்து லொறியில் ஏறிய பிறகு தராசை எடுத்துக்கொண்டு வந்து என்ன பயன்?

ஆகவே வரிசையை மாற்றுங்கள். துரைக்குப் பிரதி அனுப்பும் விதியை முதலில் வையுங்கள், அதில் அந்தப் பெட்டியில் அடையாளம் இருக்கக்கூடாது. அடுத்தது கோப்புறை விதி. இதில் அடையாளம் இருக்கட்டும். தரகரின் கடிதம் இங்கேயே நின்றுவிட்டால், கீழே உள்ள அழிக்கும் விதியின் வாய்க்குள் அது போகாது. அழிக்கும் விதி எப்போதும் கடைசி. என்னைக் கேட்டால், ஆபீஸ் கணக்கில் அழிக்கும் விதியே வேண்டாம். ‘ஓஃபர்’ என்ற சொல் இருந்தால் அழி என்று நீங்கள் எழுதி வைத்திருப்பீர்கள். வாங்குபவர் ஒருவர் விலை கேட்டு எழுதும் கடிதத்திலும் அதே சொல்தான் இருக்கும். விளம்பரத்துக்கு ஒரு கோப்புறை போட்டு, வெள்ளிக்கிழமை மாலையில் ஒருமுறை பார்த்துவிட்டு நீங்களே அழியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் போகவில்லை என்றால் இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

‘ஏலம்’ கோப்புறை எங்கே இருக்கிறது? அந்தக் கணினியிலேயே சேமிக்கும் பிஎஸ்டி கோப்புக்குள் இருந்தால், விதியின் பெயருக்குப் பக்கத்தில் ‘கிளையன்ட் ஒன்லி’ என்று எழுதியிருக்கும். அந்தக் கணினியில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் அப்படிப்பட்ட விதி வேலை செய்யும். மாலையில் நீங்கள் கணினியை அணைத்துவிட்டுப் போகிறீர்கள், மழைக்காலத்தில் மின்சாரம் வேறு சொல்லாமல் போய்விடும். கடிதங்கள் மறுநாள் காலை வரை இன்பொக்ஸிலேயே கிடக்கும். கோப்புறையை மின்னஞ்சல் கணக்குக்குள்ளேயே உருவாக்கினால், விதி சேவையகத்திலேயே (மின்னஞ்சல் கம்பனியின் கணினியிலேயே) ஓடும். ஆபீஸ் பூட்டியிருந்தாலும் கவலை இல்லை. பிரதி அனுப்பும் விதியோடு சத்தம் எழுப்புவது, அச்சிடுவது போன்ற வேலைகளையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அதுவும் கணினியை நம்பிய விதியாகிவிடும்.

இரண்டாவது, உங்கள் கணக்கு மைக்ரோசாஃப்ட் 365இல் உள்ள கம்பனிக் கணக்காக இருந்தால், வெளி முகவரிக்குக் கடிதம் தானாகப் போவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும். 5.7.520 என்ற எண்ணோடு ஒரு மறுப்புக் கடிதம் உங்களுக்குத் திரும்பி வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வந்திருந்தால் விதியில் குற்றமில்லை. கம்பனியின் கணினிப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். அந்தத் தடையும் காரணத்தோடுதான் இருக்கிறது. கணக்குக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறவன் சத்தமில்லாமல் செய்யும் காரியங்களில் ஒன்று, இப்படி ஒரு விதி எழுதி வைப்பது.

துரையிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பதில் எழுதினால் அது தரகருக்குப் போக வேண்டுமா, உங்களுக்கு வர வேண்டுமா? ‘ஃபோர்வர்ட்’ போட்டால் உங்கள் ஆபீஸ் அனுப்பியதாகக் காட்டும், பதிலும் உங்களிடம் வரும். ‘ரீடைரெக்ட்’ போட்டால் தரகரின் பெயரிலேயே போகும், பதிலும் அவருக்கே போகும்.

ஜீமெயிலில் அம்புக்குறி இல்லாததற்குக் காரணம், அங்கே வரிசை என்ற ஒன்றே இல்லை. பொருந்துகிற வடிகட்டிகள் (அங்கே விதிக்கு இதுதான் பெயர்) எல்லாம் ஒரே கடிதத்தின் மீது வேலை செய்யும். ஆகவே எது விலக வேண்டும் என்பதை நிபந்தனைக்குள்ளேயே எழுத வேண்டும். விளம்பர வடிகட்டியில் ‘டஸ்ன்ட் ஹேவ்’ என்ற கட்டத்தில் ‘வேல்யுவேஷன்’ என்று எழுதினால், அந்தச் சொல் உள்ள கடிதத்தை அது தொடாது.

விதிகளுக்கு வரிசை இல்லை என்றாலும், உங்கள் வேலைக்கு உண்டு. வடிகட்டி எழுதும் முன்பு, அமைப்புகளில் ‘ஃபோர்வர்டிங்’ பகுதிக்குப் போய்ப் பெறுபவரின் முகவரியைச் சேர்க்க வேண்டும். உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்று அவருக்குப் போகும். அவர் அதைத் திறந்து சம்மதித்த பிறகுதான் முகவரி பயன்படும். இவற்றைக் கணினியின் உலாவியில்தான் செய்ய வேண்டும், கைப்பேசிச் செயலியில் முடியாது. ஏற்கெனவே வந்து கிடக்கும் பழைய கடிதங்களை வடிகட்டி அனுப்பாது. சோதிக்கும்போது, பெறப்போகும் அதே ஜீமெயிலிலிருந்து கடிதம் அனுப்பாதீர்கள். தான் அனுப்பிய கடிதமே திரும்பி வந்தால் ஜீமெயில் அதைப் புதிதாகக் காட்டாமல் விட்டுவிடலாம், நீங்கள் வீணாகக் குழம்புவீர்கள். மூன்றாவது ஒருவரின் கணக்கிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு ஜீமெயில் திறந்து தந்தது டவுனில் உள்ள கணினிக் கடை அண்ணன். வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வருகிற கடிதங்களில் சில, நான் பார்க்கும் முன்பே படித்த அடையாளத்தோடு இருக்கின்றன. கடவுச்சொல்லை மாற்றினால் போதுமா?
வாசகர், மஸ்கெலியா

பதில்: போதாது தம்பி. கணக்கைத் திறந்து தந்தவர் அதில் ஃபோர்வர்டிங்கோ வடிகட்டியோ போட்டிருந்தால், கடவுச்சொல்லை மாற்றினாலும் அவை அப்படியே இருக்கும். அந்த அண்ணன் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ‘பையனுக்குத் தெரியாது, முக்கியமானது வந்தால் நான் சொல்லுவேன்’ என்று நினைத்திருக்கலாம். ஆனால் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதம் தோட்டத்து ஆபீஸுக்குப் போய், யார் யார் கையிலோ சுற்றி, நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு வந்து சேர்ந்த கதைகள் நம் பக்கம் ஏராளம். பல தோட்டங்களில் இன்றும் அப்படித்தான். கைப்பேசியில் கிடைத்த சொந்த முகவரியையும் இன்னொருவர் வழியாக விட வேண்டாம்.

இங்கேயும் எதை முதலில் செய்வது என்பது முக்கியம். கணக்கை மீட்பதற்கான தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று முதலில் பாருங்கள். கடைக்காரருடைய எண் இருந்தால், நீங்கள் எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றினாலும் அவரால் திரும்ப உள்ளே வர முடியும். உங்கள் எண்ணைப் போடுங்கள். பிறகு கடவுச்சொல், இரண்டு படி சரிபார்ப்பு, அதன் பிறகு தெரியாத சாதனங்களை வெளியேற்றுவது. இவை முடிந்த பின்னர் கணினியில் ஜீமெயில் அமைப்புகளைத் திறந்து, ‘ஃபோர்வர்டிங்’ பகுதியில் உள்ள அந்நிய முகவரியை நீக்குங்கள், வடிகட்டிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதியில் வேறு யாருக்காவது உங்கள் கணக்கைத் திறக்கும் அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விதிகளை முதலில் நீக்கினால், உள்ளே இருக்கிறவர் திரும்பப் போட்டுவிடுவார்.

கேள்வி: பழைய ஜீமெயிலிலிருந்து புதியதற்கும், புதியதிலிருந்து பழையதற்கும் கடிதம் போகும்படி வைக்கலாமா? இரண்டிலும் எல்லாம் இருக்கும் அல்லவா?
வாசகி, பண்டாரவளை

பதில்: வேண்டாம். கடிதம் இரண்டுக்கும் நடுவே சுற்றத் தொடங்கும், சேவையகம் அதைக் கண்டுபிடித்து நிறுத்தும்போது யாரோ ஒருவருக்குப் பிழைச் செய்தி போகும். பழையதிலிருந்து புதியதற்கு ஒருவழியாக மட்டும் வையுங்கள். ஸ்பாமில் விழுந்தவை அந்த வழியில் வராது. 30 நாளில் அழிந்தும் போகும். அதனால் மாதத்துக்கு இரண்டு தடவையாவது பழைய கணக்கைத் திறந்து ஸ்பாமைப் பாருங்கள். இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது. அப்படித் திறந்து பார்ப்பதே அதற்கும் போதும்.