பங்குத் தொகையை விடுங்கள், படத்தை மீட்டுக்கொள்ளுங்கள்

கேள்வி: நிலத்தை அடகு வைத்து 48 லட்சத்தில் படம் எடுத்தேன். 2022 ஜூனில் ஒரு விநியோகஸ்தர் 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, தியேட்டர், சாட்டிலைட், ஓடிடி என எல்லா உரிமையையும் எழுதி வாங்கினார். 14 தியேட்டர்களில் காலைக்காட்சி மட்டும் போட்டார். போஸ்டர்கூட ஒட்டவில்லை. இப்போது படம் ஓடிடியில் ஓடுகிறது. எனக்குச் சேர வேண்டிய 60 சதவீதப் பங்கில் ஒரு ரூபாய் வரவில்லை. கேட்டால், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடு, ஒன்றரை லட்சம் தருகிறேன் என்கிறார். இன்னொரு ஓடிடி படத்தைக் கேட்கிறது. அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இவர்மேல் மோசடிப் புகார் கொடுக்கலாமா?

— மதுரை வாசகர்

பதில்: போஸ்டர், காலைக்காட்சி எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். இத்தனை தியேட்டர், இவ்வளவு விளம்பரம் என்று உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. மோசடிப் புகாரும் தேறாது. சிவில் விவகாரம் என்றுதான் காவல் நிலையத்தில் சொல்வார்கள்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்க அட்டவணையைப் பாருங்கள். ஏரியா என்ற கட்டத்தில் ‘உலகம் முழுவதும்’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது. அதற்கு நேர் கீழே, காலம் என்ற கட்டம் காலி. உள்ளே ஒன்பது பக்கத்திலும் ‘நிரந்தரம்’ என்ற சொல் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 19(5) பிரிவின்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான். ஆக, 2027 ஜூனில் படம் உங்களிடம் திரும்பி வந்துவிடும். உங்கள் வழக்கில் உயிருள்ள விஷயம் இது ஒன்றுதான்.

அவர் நீட்டும் கடிதத்தின் இரண்டாவது பத்தியைப் படித்தீர்களா? ‘2022 ஒப்பந்தத்தின் உரிமைகள் நிரந்தரமானவை என உறுதி செய்கிறேன்.’ கணக்குத் தீர்க்கும் கடிதம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டால், ஒன்றரை லட்சத்துக்குப் படத்தையே விற்றதாகிவிடும். பங்கு வராத கோபத்தில் இருப்பவர்கள் செக்கைத்தான் பார்க்கிறார்கள், பத்தியைப் படிப்பதில்லை. ‘மொத்தமாகக் கொடுத்துவிட்டேனே’ என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் புலம்பவும் வேண்டாம். அதை நாளைக்கு உங்களுக்கு எதிராகவே காட்டுவார்கள்.

இரண்டாவது ஓடிடி விஷயம் இதைவிட ஆபத்து. ஐந்தாண்டு முடியும்வரை உரிமை அவருடையது. தயாரித்தவரே ஆனாலும், எழுதிக் கொடுத்த உரிமையை எடுத்து வேறிடம் விற்றால் அது மீறல்தான். அதே சட்டத்தின் 63-ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமிருக்கிறது. என்னிடம் வந்த ஒரு இயக்குநர் இப்படித்தான் செய்தார். ‘படத்தின் மேல் எந்த வில்லங்கமும் இல்லை’ என்று புது ஓடிடிக்கு உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் பழைய விநியோகஸ்தரின் நோட்டீஸ் வந்தது. ஓடிடி அன்றைக்கே படத்தை இறக்கிவிட்டு, கொடுத்த பணத்தை வட்டியோடு கேட்டது. அதுவரை அவர்தான் பாதிக்கப்பட்டவர். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு எதிர்த்தரப்பின் எல்லா மனுவிலும் குற்றவாளி அவர்தான்.

பங்குத் தொகைக்குச் சண்டை போட வேண்டாம் என்றே சொல்வேன். ‘செலவு போக’ நிகர வருமானத்தில்தான் 60 சதவீதம். அந்தச் செலவுக்கு உச்சவரம்பே போடவில்லை. கணக்கு கேட்டால் பில்களை அடுக்குவார். அவர் எழுத்தில் பாக்கியை ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, 3 ஆண்டு தாண்டிய பங்கைக் கேட்பதும் கஷ்டம்.

சமரசம் பேசுங்கள். கணக்கை நீங்கள் விட்டுக்கொடுங்கள். உரிமையை இப்போதே திருப்பி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தை செல்லாது, அவர் கையெழுத்திட்ட பத்திரம் வேண்டும். மாஸ்டர் ஹார்ட் டிஸ்க், சென்சார் சான்றிதழ், ஓடிடியோடு அவர் போட்ட ஒப்பந்தத்தின் நகல் மூன்றையும் அதோடு சேர்த்து வாங்குங்கள். 2027-ஐத் தாண்டி ஓடிடிக்கு அவர் எழுதிக் கொடுத்திருந்தால், தன்னிடம் இல்லாத காலத்தைக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். சமரசப் பேச்சில் அது உங்களுக்குப் பிடிமானம்.

மறுத்தால் 2027 ஜூன் வரை பொறுத்திருந்து, மறுநாளே அவருக்கும் ஓடிடிக்கும் நோட்டீஸ் அனுப்பலாம். ஆனால் பேச்சைத் தொடங்கும் முன்பே உங்கள் கையிலுள்ள ஒப்பந்தப் பிரதியை ஸ்கேன் செய்து, எனக்கும் உங்களுக்கும் மெயிலில் அனுப்பிவையுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். அவரிடமும் ஒரு பிரதி இருக்கிறது; அதிலுள்ள காலிக் கட்டத்தை நிரப்ப ஒரு பேனா போதும்.