ஒரு லட்சம் மணி நேரம் ஓடிய பாய்லருக்கு ‘இன்னும் 10 வருடம் ஆயுள்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நம்பலாமா?

கணக்கில் போட்ட வெப்பநிலை எங்கிருந்து வந்தது என்று அந்த ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் நம்பலாம். பெரும்பாலும் எழுதியிருக்காது.

நீங்கள் மெயின்டெனன்ஸில் இருக்கிறீர்கள், மேலே இருப்பவர் “அதான் பத்து வருஷம் இருக்கே, ஷட்டவுனைத் தள்ளிப் போடு” என்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். நான் செம்பூரில் இருந்துகொண்டு மும்பையைச் சுற்றியுள்ள ஆலைகளில் பாய்லர்களின் மிச்ச ஆயுளைக் கணிக்கும் இந்த வேலையைத்தான் செய்கிறேன். 400 டிகிரிக்கு மேல் வேலை செய்யும் பாய்லர் பாகங்களை ஒரு லட்சம் மணி நேரத்துக்குப் பிறகு சோதிக்கச் சொல்வது இந்திய பாய்லர் ஒழுங்குமுறையின் 391ஏ. அதற்காக எடுக்கும் ரிப்போர்ட்டுகளில் பாதி, சட்டத்துக்குக் காட்ட மட்டும்தான்.

தலோஜா பக்கம் ஒரு ஆலை. சூப்பர்ஹீட்டர் அவுட்லெட் ஹெடர் (சூடேறிய நீராவி வந்து சேரும் தடித்த குழாய்), பி22 என்ற குரோமியம்-மாலிப்டினம் எஃகு, 540 டிகிரி. வேறொரு ஏஜென்சி கொடுத்த ரிப்போர்ட்டில் ‘10 வருடத்துக்கு மேல்’ என்று இருந்தது. சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். லாக் புக்கைப் புரட்டினால் மணிக்கு மணி 540, 540, 540. எந்த பாய்லரும் இவ்வளவு ஒழுக்கமாக ஓடாது. ஷிஃப்ட் ஆபரேட்டர் திருநெல்வேலிக்காரர், தாராவியில் குடியிருக்கிறார். டீ குடிக்கும்போது, நீராவியில் தண்ணீர் தெளித்துச் சூட்டைக் குறைக்கும் ஸ்ப்ரே வால்வைப் பற்றி விஷயம் வந்தது. “அந்த ஸ்ப்ரே வால்வு எப்பவோ மக்கர் பண்ணிட்டு தம்பி. ராத்திரி லோடு கூடினா 550, 555ன்னு போவும். அதை எழுதினா காலைல மேனேஜர் கூப்பிடுவாரு. அதான் 540னே எழுதிருவோம்.”

பத்து பதினைந்து டிகிரியில் என்ன வந்துவிடும் என்கிறீர்களா? வெப்பநிலையையும் உலோகத்தின் ஆயுளையும் இணைத்து 1952இல் லார்சனும் மில்லரும் கொடுத்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 540இல் ஒரு லட்சம் மணி நேரம் தாங்கும் உலோகம், அதே பிரஷர், அதே தடிமனில், 550இல் ஏறக்குறைய 50,000 மணி நேரம்தான் தாங்கும். 560 என்றால் 25,000. பிறந்த நேரத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டு ஜாதகம் பார்த்த கதைதான். (அந்தச் சூத்திரத்தில் நான் போட்ட மாறிலி 20 எல்லா உலோகத்துக்கும் பொருந்தாது, பி91 என்ற இன்னொரு எஃகுக்கு 30ஐ ஒட்டி எடுப்பார்கள் என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: தெரியும். இது பி22.)

ஸ்டோரில் பழைய ரெக்கார்டர் சார்ட் சுருள்கள் கிடந்தன, எலி கடித்தது போக மிச்சம். சிவப்புக் கோடு ராத்திரிகளில் ஏறியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் ஓடியது என்று பிரித்து, அந்தந்த வெப்பநிலையின் மொத்த ஆயுளால் வகுத்துக் கூட்டினோம். அந்தப் பத்து வருடம் கரைந்துவிட்டது.

ரெப்ளிகா, அதாவது உலோகப் பரப்பை பிலிமில் அச்செடுத்துப் பார்ப்பது, இன்னொரு கூத்து. முதல் ஏஜென்சி, சாரம் எட்டிய இடத்தில், ஹெடரின் நடு உடம்பில் எடுத்திருந்தது. க்ரீப் சேதம் (நீண்ட நாள் சூட்டிலும் அழுத்தத்திலும் உலோகம் மெல்ல மெல்ல இழுபட்டுக் கெடுவது) பெரும்பாலும் முதலில் தலைகாட்டுவது வெல்டை ஒட்டி, சூடு தின்ற பகுதியில். ஹெடரில் சிறு குழாய்கள் சேரும் ஸ்டப் வெல்டு ஓரத்தில் தேய்த்து, டயமண்ட் பேஸ்டில் பாலிஷ் போட்டு, நைட்டால் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) தடவி, அசிட்டோனில் நனைத்த பிலிமை ஒட்டி உரித்தோம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பொடிப்பொடிக் குழிகள், ஒரே திசையில் வரிசை கட்டி நிற்கின்றன. க்ரீப் சேதத்தை நான்கு படியாகப் பிரிக்கும் நியூபவர் வகைப்பாட்டில் இரண்டாவது படி. உடனே வெடிக்காது. ஆனால் பத்து வருடம் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது, ஒன்றரை முதல் மூன்று வருடத்துக்குள் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

இந்த ரெப்ளிகா எடுக்கிற பையன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். பாதிப் பேர் திருச்சி பக்கம். பாய்லர் ஆறுவதற்குள் உள்ளே தவழ்ந்து போய், சாம்பலைத் தின்றுகொண்டு வேலை செய்கிறான். சம்பளம் மூன்று மாதம் பாக்கி. ஏசி ரூமில் கையெழுத்துப் போடுகிறவருக்கு மட்டும் பில் உடனே பாஸ் ஆகிறது. டென்டரில் எவன் குறைவோ அவனுக்கு என்று கொடுத்தால், பையன் சாரம் எட்டிய இடத்தில்தான் தேய்ப்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு பக்கத்தைத் தேடுங்கள்: ரெப்ளிகா எடுத்த இடங்களைக் குறித்த படம், வெப்பநிலைக்கான ஆதாரம். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். அதுவரை பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.